கல்லீரலில் கட்டி: இரத்தம் கசிந்த நீர்க்கட்டியா, புற்றுக் கட்டியா? ஸ்கேன் படம் காட்டும் வழி

விதையையும் உரத்தையும் பற்றிப் படித்துப் பழகிய இவ்விதழின் வாசகர்களுக்கு, கல்லீரல் கட்டியைப் பற்றிய இக்கட்டுரை சற்று வியப்பைத் தரலாம். ஆனால் நிலத்தில் பாடுபடுபவரின் உடல்நலம் கெட்டால் சாகுபடியும் கெடும் என்பதை உழவர் பெருமக்கள் அறிவர். "ஈரலில் கட்டி இருக்கிறது" என்ற ஒரு வரியைக் கேட்டதும் வீடே கலங்கிப் போகிறது. அது என்ன கட்டி என்று தெரியும் முன்பே, கொடியில் இருக்கும் மிளகை வந்த விலைக்குப் பேசி விடுவதும் நிலத்தை அடகு வைப்பதும் நடக்கக்கூடியவையே. இதற்கு நேர்மாறாக, "வெறும் நீர்க்கட்டிதான்" என்று யாரோ சொன்னதை நம்பி, அறுத்து எடுத்திருக்க வேண்டிய கட்டியை வளர விட்டுவிடுவதும் உண்டு.

ஆரஞ்சு மரத்தில் இலை மஞ்சளானால் உடனே மருந்து தெளிக்கச் சொல்வதில்லை. துத்தநாகக் குறையா, வேரழுகலா, வேறு நோயா என்று பார்த்த பிறகே பரிந்துரை செய்கிறோம். நிறம் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு. காரணம் வேறானால் மருத்துவமும் வேறு. கல்லீரல் கட்டிக்கும் இதே முறை பொருந்தும். இரத்தம் கசிந்த நீர்க்கட்டியும் சிலவகைப் புற்றுக் கட்டியும் முதல் படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அவற்றை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதை இங்குக் காண்போம்.

கல்லீரலும் அதன் இரு வாய்க்கால்களும்

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளுக்குக் கீழே மறைந்திருக்கும் உறுப்பு கல்லீரல். வளர்ந்தவர்களிடம் இதன் எடை ஏறக்குறைய ஒன்றே கால் முதல் ஒன்றரை கிலோ இருக்கும். நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் இதன் வழியே பாய்கிறது.

பெரும்பாலான உறுப்புகளுக்கு இல்லாத ஒரு தன்மை கல்லீரலுக்கு உண்டு. இதற்கு இரத்தம் இரண்டு வாய்க்கால்கள் வழியாக வருகிறது. இதயத்திலிருந்து வரும் இரத்தத்தைக் கொண்டுவரும் தமனி ஒன்று. குடலிலிருந்து சத்துகளைச் சுமந்து வரும் பெரிய சிரை மற்றொன்று. வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிரை வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. நல்ல கல்லீரல் பகுதி பெரும்பாலும் சிரை இரத்தத்தால் வாழ்கிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக் கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்து தனக்கு வேண்டியதை இழுத்துக் கொள்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்படுவது எளிதில் விளங்கும்.

நீர்க்கட்டி என்றால் என்ன?

மெல்லிய தோல் போன்ற சுவரும் உள்ளே தெளிந்த நீரும் கொண்ட பை போன்றது சாதாரண நீர்க்கட்டி. இது பிறவியிலேயே அமையும் ஒரு சிறு குறையால் உண்டாவது. வயது ஏற ஏறக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்களை விடப் பெண்களிடம் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வரும். இது புற்றுநோய் அன்று. தொல்லை இல்லாவிட்டால் மருந்தும் வேண்டாம், அறுவையும் வேண்டாம்.

சிலருக்கு, குறிப்பாகக் கட்டி பெரிதாக இருப்பவர்களுக்கு, அதன் சுவரிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய் அறுந்து கட்டிக்குள் இரத்தம் கசியும். இது அரிதாகவே நிகழும். 50 வயதைக் கடந்த பெண்களிடம் கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். வயிற்றில் அடிபடுவதாலும் கசியலாம். காரணம் எதுவும் இல்லாமல் தானாகவும் கசியலாம். இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்களுக்கு இவ்வாய்ப்பு அதிகம். வலப்பக்க மேல்வயிற்றில் திடீரென்று வலி எடுப்பது பொதுவான அறிகுறி. சிலருக்கு வலியே இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஏற்காடு மலையில் வெள்ளக்கடையைச் சேர்ந்த ஒருவர் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது கால் தவறி விழுந்து, வலது விலாவில் அடிபட்டுக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து நாளாகியும் வலி குறையவில்லை. ஸ்கேன் எடுக்கிறார்கள். கல்லீரலில் எலுமிச்சை அளவு கட்டி. உள்ளே நீர் மட்டும் இல்லை, ஏதோ திண்மையான பொருளும் தெரிகிறது. அடிபட்டதால் பழைய நீர்க்கட்டியில் கசிந்த இரத்தமா அது, அல்லது அவர் அறியாமலே வளர்ந்து வந்த புற்றா? விழுந்தது தற்செயல், கட்டியோ முன்பே இருந்திருக்கலாம். எனவே "அடிபட்டதால் வந்தது" என்று முடிவு கட்டவும் கூடாது. "புற்று" என்று அஞ்சவும் கூடாது.

பிரித்தறிவது ஏன் அவசியம்?

இரண்டுக்கும் மருத்துவம் முற்றிலும் வேறு. இரத்தம் கசிந்த நீர்க்கட்டியைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தாலே போதும். உறைந்த இரத்தம் நாளடைவில் கரைந்து சுருங்கி விடும். வலி தொடர்ந்தால் வயிற்றில் சிறு துளையிட்டுக் கட்டியின் மேற்சுவரை மட்டும் நீக்கி விடுகிறார்கள்.

நீர்க்கட்டி போலவே தோன்றும் ஒருவகைக் கட்டி உண்டு. சளி போன்ற நீரைச் சுரக்கும் இக்கட்டி பெரும்பாலும் நடுவயதுப் பெண்களிடம் காணப்படுகிறது. முதலில் தீங்கற்றதாக இருந்தாலும் பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடியது. இதன் மேற்சுவரை மட்டும் நீக்கினால் மீதி மீண்டும் வளரும். கோரைக்கிழங்கை மண்ணோடு எடுக்காமல் மேலே அரிந்தது போலாகும். இதை முழுவதுமாக அகற்றுவதே முறை. ஆக, புற்றை நீர்க்கட்டி என்று நினைத்தால் நோய் மீளும். நீர்க்கட்டியைப் புற்று என்று நினைத்தால் நல்ல கல்லீரலின் ஒரு பகுதியை வீணே வெட்டி எடுக்க நேரிடும். இரு தவறுகளும் பெரியவையே.

முதற்படி: சாதாரண ஸ்கேன்

மக்கள் பொதுவாக "ஸ்கேன்" என்று சொல்வது கேளா ஒலியைக் கொண்டு எடுக்கும் படத்தையே. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை உள்ள ஒலி பயன்படுகிறது. 1958ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் வயிற்றுக் கட்டிகளை இம்முறையால் ஆய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அதன் பிறகு இம்முறை உலகெங்கும் பரவியது. இதில் கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளுக்கும் தீங்கில்லை.

மலைச்சரிவில் நின்று கூவினால் எதிர்ப்பாறையில் பட்டு எதிரொலி வருகிறது. எதிரே தடை எதுவும் இல்லையென்றால் எதிரொலி இல்லை. ஸ்கேனும் அவ்வாறே. ஒலி தெளிந்த நீரில் தடையின்றிச் சென்றுவிடுவதால் எதிரொலி வருவதில்லை. அந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். திண்மையான சதை எதிரொலியைத் திருப்பி அனுப்புவதால் சாம்பல் நிறமாகத் தெரியும். சாதாரண நீர்க்கட்டி முழுக் கறுப்பாக, மெல்லிய வரம்போடு, ஐயத்திற்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். அதற்கு மேல் வேறு ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

இரத்தம் கசிந்தபின் நிலைமை மாறுகிறது. தெளிந்த கிணற்றில் சேறு கலந்தது போல் கட்டிக்குள் சாம்பல் நிறப் புள்ளிகளும் இழைகளும் மிதக்கும். உறைந்த இரத்தம் சுவரில் ஒட்டிக்கொண்டால் சதைக்கட்டி போலவே தோன்றும். இங்கேதான் குழப்பம் பிறக்கிறது.

அப்போது மருத்துவர் இரண்டு காரியங்களைச் செய்கிறார். முதலாவதாக, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார். உள்ளே இருப்பது கசிந்த இரத்தமானால் வண்டல் போல் இடம் பெயரும். சுவரிலிருந்து வளர்ந்த சதையானால் நகராது. இரண்டாவதாக, இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் முறையில் பார்க்கிறார். உறைந்த இரத்தத்திற்குள் ஓட்டம் இராது. சதைக்குள் ஓட்டம் தெரிந்தால் புற்றுக் கட்டி என்ற ஐயம் வலுக்கும். ஆனால் மிக மெதுவான ஓட்டத்தை டாப்ளர் தவற விடக்கூடும். சுவரோடு இறுக ஒட்டிய உறைவும் நகராமல் இருக்கக்கூடும். ஆகையால் இதோடு முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டாம் படி: மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்

ஊடுகதிர்களை உடலைச் சுற்றிப் பல கோணங்களில் செலுத்தி, கணிப்பொறியின் துணையால் உடலைக் கேரட் வில்லை போல் குறுக்காகக் காட்டுவது சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவியால் 1971ஆம் ஆண்டு இலண்டன் நகரில் முதல் நோயாளிக்குப் படம் எடுக்கப்பட்டது. இதற்காக 1979இல் அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கருவி ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் எண்ணாகத் தருகிறது. நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. சாதாரண நீர்க்கட்டி 0 முதல் 20க்குள் இருக்கும். கல்லீரல் ஏறக்குறைய 50 முதல் 60 வரை. புதிதாக உறைந்த இரத்தமும் ஏறக்குறைய அதே அளவு அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆகவே மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் உறைந்த இரத்தமும் சதையும் ஒன்றுபோல் இருப்பதில் வியப்பில்லை.

இதற்காகவே கையிலுள்ள சிரையில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்துகிறார்கள். இம்மருந்து இரத்தத்தோடு போகும் இடமெல்லாம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். மடை திறந்ததும் எந்தப் பாத்தியில் முதலில் நீர் ஏறுகிறது, எது பிறகு நனைகிறது, எது நனையவே இல்லை என்று வரப்பில் நின்று பார்ப்பது போன்றது இது. மருந்து செலுத்திய சுமார் 30 நொடியில் ஒரு படம், சுமார் 70 நொடியில் ஒரு படம், சில நிமிடம் கழித்து இன்னொரு படம் என எடுக்கிறார்கள். முதற் படம் தமனி வாய்க்கால் பாயும் நேரம்; இரண்டாவது சிரை வாய்க்கால் பாயும் நேரம்.

இனி விடை எளிது:

1. உறைந்த இரத்தத்திற்குள் எந்த வாய்க்காலும் செல்வதில்லை. மூன்று படங்களிலும் அதன் எண் மாறுவதில்லை. மேட்டில் விட்ட காய்ந்த பாத்தி போல் அப்படியே நிற்கும்.

2. கல்லீரலிலேயே தோன்றும் புற்று, தமனி நேரத்தில் சுற்றியுள்ள பகுதியை முந்திக்கொண்டு வெளுக்கும். சிரை நேரத்தில் மருந்து வடிந்து, சுற்றுப்புறத்தை விட மங்கலாகும். முந்தி நனைந்து முந்தி வடிவது இதன் அடையாளம்.

3. சளி நீர்க்கட்டியிலும் அதிலிருந்து வரும் புற்றிலும், உள்ளே தடித்த தடுப்புகளும் சுவரிலிருந்து எழும் முண்டுகளும் இருக்கும். இம்முண்டுகள் மருந்தை ஏற்று வெளுக்கும்.

4. இரத்தக்குழாய்கள் பின்னி உண்டான தீங்கற்ற கட்டி ஒன்று உண்டு. இதில் மருந்து ஓரத்தில் திட்டுத் திட்டாகத் தொடங்கி, மெதுவாக நடுவை நோக்கி நிரம்பும். பெரும்பாலும் இதற்கு மருத்துவமே தேவையில்லை.

சி.டி. ஸ்கேனில் ஊடுகதிர் உண்டு என்பதால் கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும், முன்பு ஊசி மருந்தால் ஒவ்வாமை கண்டவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

சி.டி. படத்திலும் ஐயம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் துணை செய்கிறது. வலிமை மிக்க காந்தத்தையும் வானொலி அலையையும் கொண்டு உடலிலுள்ள நீரணுக்களின் நிலையைப் படமாக்குவது இது. இதில் ஊடுகதிர் இல்லை. இம்முறையை உருவாக்கிய பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

பழைய இரத்தத்தைக் கண்டறிவதில் இதற்கு இணை இல்லை எனலாம். இரத்தத்தில் இரும்புச் சத்து இருக்கிறது. வெளியே கசிந்து நின்றுவிட்ட இரத்தத்திலுள்ள இரும்பு, மழையில் கிடக்கும் மண்வெட்டி துருப்பிடிப்பது போல் நாளுக்கு நாள் நிலை மாறுகிறது. இம்மாற்றம் காந்தத்திற்குத் தெரியும். சில நாள் கடந்த இரத்தம் ஒருவகைப் படத்தில் பளிச்சென்று வெளுப்பாகத் தெரியும். தெளிந்த நீர் அதே படத்தில் கறுப்பாகவே இருக்கும். பல வாரம் கழிந்தால் கட்டியின் ஓரத்தில் கறுப்பு வரம்பு படியும். அசையாமல் படுத்திருப்பவரின் கட்டிக்குள், குட்டையில் வண்டல் அடியில் தங்கி மேலே தெளிநீர் நிற்பது போல், இரண்டு அடுக்கும் நடுவே நேர்க்கோடும் தெரிவதுண்டு. இவையெல்லாம் இரத்தக் கசிவின் அடையாளங்கள்.

இங்கும் ஒரு பொறி இருக்கிறது. பழைய இரத்தம் மருந்து செலுத்தும் முன்பே வெளுப்பாக இருப்பதால், செலுத்திய பின்னும் வெளுப்பாகவே தெரியும். "மருந்தை ஏற்றுக்கொண்டது, ஆகவே புற்று" என்று தவறாகக் கொள்ள இடமுண்டு. இதைத் தவிர்க்க, பின்னால் எடுத்த படத்திலிருந்து முன்னால் எடுத்த படத்தைக் கணிப்பொறியில் கழித்துப் பார்க்கிறார்கள். மீதி ஏதும் இல்லையென்றால் மருந்து ஏறவில்லை. அது உறைந்த இரத்தம். மீதி வெளுப்பு இருந்தால் அங்கே இரத்தம் ஓடும் உயிருள்ள சதை இருக்கிறது. பண்ணைக் கணக்கில் வரவிலிருந்து செலவைக் கழித்து உண்மை ஆதாயத்தைக் காண்பதை ஒத்தது இது.

உடலில் இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்களும், கண்ணிலோ உடலிலோ இரும்புத் துகள் ஏறியவர்களும் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். பட்டறை வேலை செய்தவர்களும் சாணைக்கல்லில் அரிவாள் தீட்டுபவர்களும் இதை மறக்கக் கூடாது.

காலமும் ஒரு சோதனையே

சில வேளைகளில் மூன்று ஸ்கேன்களாலும் முழு முடிவுக்கு வர இயலாது. இரத்தம் கசிந்தபின் கட்டியின் சுவர் புண்பட்டுத் தடிப்பதும், அந்தச் சுவர் சிறிது மருந்தை ஏற்பதும் உண்டு. உறைந்த இரத்தத்திற்குள் ஆறும் புண்ணில் போல் புதுச்சதை வளர்ந்து குழப்புவதும் அரிதாக உண்டு. அப்போது, அவசரம் இல்லை என்று மருத்துவர் கருதினால், சில மாதம் கழித்து மீண்டும் படம் எடுக்கச் சொல்வார். இரத்த உறைவு சுருங்கும், புற்று வளரும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இதனால்தான் பழைய படமும் அறிக்கையும் பெருமதிப்பு உடையவை. ஐந்தாண்டுக்கு முன் எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் தெளிந்த நீர்க்கட்டி இருந்தது என்று காட்ட முடிந்தால், இன்று தெரியும் கலங்கல் இரத்தக் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பட்டாவையும் சிட்டாவையும் பாதுகாப்பது போல் ஸ்கேன் படத்தையும் அறிக்கையையும் ஒரே உறையில் இட்டு, நனையாமல் வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பின்னும் ஐயம் நீடித்தால், அறுவை மருத்துவர் கட்டியை முழுமையாக அகற்றுவார்; திசுவை நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்வார்கள்.

இரத்தப் பரிசோதனை போதாதா?

புற்றுநோயைக் குறிக்கும் சில பொருள்களை இரத்தத்தில் அளக்கிறார்கள். ஆனால் அவற்றுள் ஒன்றான சி.ஏ. 19-9 என்பது தீங்கற்ற நீர்க்கட்டியிலும் உயரக் கூடும். ஆகவே ஒரே ஓர் எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். படம், இரத்தப் பரிசோதனை, நோயாளியின் வயது, பழைய நோய்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

நாய் வழியாக வரும் கட்டி

ஆடு மாடு வளர்ப்போர் இன்னொரு கட்டியையும் அறிந்திருக்க வேண்டும். நாயின் குடலில் வாழும், அரை சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு நாடாப்புழுவால் வருவது இது. நாயின் மலத்திலுள்ள முட்டைகள் கீரை, குடிநீர், கழுவாத கை வழியாக மனிதன் வயிற்றை அடைந்தால், கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் நீர்க்கட்டியாக வளரும். ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் ஈரலிலும் நுரையீரலிலும் இதே கட்டி வளரும். அறுத்தபின் அந்தக் கழிவை நாய்க்குப் போட்டால் சுழற்சி மீண்டும் தொடங்கும்.

ஸ்கேன் படத்தில் இதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. பெரிய கட்டிக்குள் சிறுசிறு குட்டிக் கட்டிகள் மாதுளை முத்துகள் போல் அடுக்கி நிற்கும். உட்தோல் கழன்றுவிட்டால் குளத்தில் அல்லி இலை மிதப்பது போல் தெரியும். இவ்வகைக் கட்டியில் தக்க முன்னேற்பாடு இல்லாமல் ஊசி குத்தினால் உள்நீர் வயிற்றில் சிந்தி, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம். புதிய கட்டிகளும் முளைக்கலாம். ஆகவே கல்லீரல் கட்டி எதுவானாலும், அது என்ன வகை என்று படத்தில் தெளிவாகும் முன் "நீரை ஊசியால் எடுத்துவிடுங்கள்" என்று கேட்கக் கூடாது.

இந்நோய் மிகுந்திருந்த ஐஸ்லாந்து நாட்டில், டென்மார்க்கு அறிஞர் ஹரால்டு கிராபே 1863இல் ஆய்வு நடத்தினார். மறு ஆண்டு எளிய நடையில் ஒரு சிறு நூல் அச்சிட்டு மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நாய்க்கு அறுப்புக் கழிவைப் போடாதீர்கள் என்பதே அதன் சாரம். மக்கள் அதைப் பின்பற்றினர். பிற்காலத்தில் அந்நாட்டில் இந்நோய் அற்றுப் போயிற்று. அறுப்புக் கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும், கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும், வயலிலிருந்து வந்ததும் கை கழுவுவதும் இன்றைக்கும் போதுமான தடுப்பு முறைகளே.

களத்திலிருந்தே தொடங்கும் பாதுகாப்பு

உழவியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. ஈரம் காயாமல் சேமித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் "அஃப்ளடாக்சின்" என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரல் புற்றுக்கு இது ஒரு காரணம் என்று உறுதிப்பட்டுள்ளது. 1974ஆம் ஆண்டு இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மலைவாழ் மக்கள் பலர் ஈரல் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகையால் விளைபொருளை நன்கு உலர்த்திய பிறகே மூட்டையிட வேண்டும். நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். கால்நடைக்கும் போடக் கூடாது. குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசியைத் தவறாமல் போடுவதும், மதுவை விலக்குவதும் கல்லீரலைக் காக்கும்.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. திடீரென்று கடும் வயிற்றுவலியோடு மயக்கம், வெளிறிய முகம், வியர்வை ஆகியவை கண்டால் கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். நாட்டு மருந்து செய்து காத்திராமல் உடனே 108 வண்டியை அழைக்கவும்.

2. வலியோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் கல்லீரலில் சீழ்க்கட்டியாக இருக்கலாம். இதற்கும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காணவும்.

3. வயிற்று ஸ்கேனுக்குச் செல்லும் முன் எத்தனை மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும் என்று கேட்டு, அதன்படி செல்லவும்.

4. அடிபட்ட நாள், உண்ணும் மாத்திரைகள், வீட்டில் யாருக்காவது இத்தகைய கட்டி இருந்ததா, நாய் வளர்க்கிறீர்களா என்பவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போகவும்.

5. இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லவும்.

6. மருத்துவரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேட்கவும்: "கட்டிக்குள் இரத்த ஓட்டம் தெரிகிறதா? மருந்து செலுத்தியபின் உள்ளே வெளுத்ததா? பழைய படத்தோடு ஒப்பிட்டீர்களா?"

7. மலைப்பகுதி மக்கள் ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, பரிந்துரைச் சீட்டோடு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மறவாமல் எடுத்துச் சென்று, எவ்வெச் செலவு அதில் அடங்கும் என்று அங்குள்ள அலுவலரிடம் கேட்டறியவும்.

8. என்ன கட்டி என்று உறுதியாகும் வரை, விளைச்சலை முன்கூட்டி விற்பதோ நிலத்தை அடகு வைப்பதோ வேண்டாம்.

கல்லீரலில் தெரியும் கட்டிகள் எல்லாம் புற்று அல்ல. அவற்றுள் பல, வாழ்நாள் முழுவதும் உடன் இருந்தும் தீங்கு செய்யாதவை. உள்ளே இருப்பது ஓட்டமற்ற பழைய இரத்தமா, ஓட்டமுள்ள உயிர்ச்சதையா என்பதே முதன்மையான கேள்வி. அதற்கு விடை காணும் கருவிகள் இன்று மாவட்டத் தலைநகரிலேயே உள்ளன. அச்சத்தால் அவசரப்படாமலும், அலட்சியத்தால் காலம் கடத்தாமலும், முறைப்படி படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, மருத்துவர் சொற்படி நடந்தால் உடலும் காக்கப்படும். உழைத்துச் சேர்த்த நிலமும் காக்கப்படும்.